சிவப்புத் துணி கட்டாத நீலப் பெட்டி

பேருந்து நிலையத்தின் பின்வாசலில் நின்று பெட்டி டாக்டர் கடை எது என்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். கேட்கக்கூட வேண்டாம். சக்கரம் கழன்ற பெட்டி ஒன்றைத் தரையில் தேய்த்து இழுத்துக்கொண்டு நடந்தால் போதும், நாலு பேர் தாமாகவே கையை நீட்டி வழி சொல்வார்கள். அப்படிப் பெயர் எடுத்த மனிதர் அவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஒரு குத்தூசியும் ஒரு உருண்டை மெழுகு நூலுமாக அதே நிலையத்தின் மாடிப்படிக்கு அடியில் சாக்கு விரித்து உட்கார்ந்தவர். மழை பெய்தால் படியேறுகிறவர்களின் செருப்புத் தண்ணீர் எல்லாம் அவர் தலையில்தான் சொட்டும். யாரும் கைதூக்கி விடவில்லை. யாரும் சிபாரிசு செய்யவில்லை. இன்று பத்தடிக்கு எட்டடியில் சொந்தக் கடை, இரண்டு தையல் மெஷின், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் கைப்பிடிகள், சக்கரங்கள், சுருள் சுருளாக ஜிப். ஜிப்பை இழுக்கும் ரன்னர் மட்டும் பதினேழு தினுசு. பெரிய படிப்புப் படித்தவர்கள் எத்தனையோ பேர் அந்த வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அதை அவர் மறந்ததில்லை. மற்றவர்களையும் மறக்க விட்டதில்லை.

கைப்பிடி தைப்பதில்தான் அவர் பெயர் நிற்கிறது. மற்றவர்கள் ஏழு தையலோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர் போடுவது பதினொன்று. குறுக்கும் மறுக்குமாகப் போட்டு, கடைசி முடிச்சைத் தோலுக்கு அடியில் செருகிவிடுவார். தேடினாலும் கிடைக்காது. பெட்டி கிழியும், மூடி உடையும், சக்கரம் ஓடிப்போகும், அந்தக் கைப்பிடி மட்டும் அசையாது. உலக ஞானமும் அவருக்குப் பெட்டி வழியாக வந்ததுதான். பனி விழும் நாட்டுக்குப் போன பெட்டி மூலையில் வெடிப்பு விட்டு வரும். கடற்கரைக்குப் போன பெட்டியின் ரன்னர் பச்சை பூத்து வரும். பெட்டியைக் கொண்டு வந்த ஆளின் முகத்தைப் பார்க்காமலே, எங்கே போய் வந்தீர்கள் என்று அவரே சொல்லிவிடுவார். ஆள் அசந்து போவான். ஆனால் ஐம்பத்தொரு வருடத்தில் அவர் மட்டும் எந்த ஊருக்கும் போனதில்லை. அதுதான் பெட்டியெல்லாம் போய்விட்டு வருகிறதே, நான் வேறு எதற்கு என்று கேட்பார்.

அவருடைய வீட்டுக்காரம்மா கல்யாணமான மறு மாதமே கடைக்கு வந்து, பெட்டிக்கு உள்துணி தைக்கும் மெஷினில் உட்கார்ந்தவள். முப்பத்தெட்டு வருடம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து முழங்கால் பிடித்துக்கொண்டது. வைத்தியம் பார்த்தவர் தண்ணீருக்குள் நடக்கச் சொன்னார். நகராட்சி நீச்சல் குளத்தில் செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் பெண்களுக்கு. நடக்கப் போனவள் மூன்றாவது வாரம் மிதந்தாள், இரண்டாவது மாதம் நீந்தினாள், ஆறாவது மாதம் குளத்தை இருபது தடவை போய் வந்தாள், அதுவும் ஐம்பத்தெட்டு வயதில். கடையில் அதைப் பற்றி ஒரு பேச்சுப் பேசமாட்டாள். முடியை உலர்த்தியபடி மெஷினை மிதிப்பாள்.

ஒரு நாள் அவர், தொட்டித் தண்ணீரில் நீந்துவதெல்லாம் ஒரு நீச்சலா என்று சும்மா ஒரு வார்த்தை விட்டார். குளிக்கிற வாளியைத் தாண்டி அவர் எந்தத் தண்ணீரிலும் இறங்கியதில்லை என்பது வேறு விஷயம். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "அப்போ கடலுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

முப்பத்தெட்டு வருடத்தில் அவள் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். பக்கத்தில் நின்ற மகள் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டாள். ஒரே வாரத்தில் சீட்டு எல்லாம் எடுத்து முடித்தாள். நான்கு தீவு, ஐந்து நாள், தீவுக்குத் தீவு படகு. கடைசித் தீவில் கரையோரப் பாறைத் திட்டுக்கு ஆமைகள் மேய வருமாம். நீச்சல் தெரிந்தவர்கள் கூடவே நீந்தலாமாம். அந்தப் படத்தை மகள் போனில் காட்டினாள். அம்மாக்காரி அரை மணி நேரம் போனைத் திருப்பித் தரவில்லை.

நீச்சல் உடைக்குக் கடை கடையாக ஏறி இறங்கிப் பார்த்தாள். ஒன்று மூச்சை வாங்கியது, இன்னொன்று மானத்தை வாங்கியது. கடைசியில் இழுத்தால் விரியும் கரும்பச்சைத் துணி வாங்கி, முழங்கை வரை கையும் முழங்கால் வரை காலும் வைத்து, எட்டு மத்தியானம் உட்கார்ந்து தானே தைத்தாள். அதைப் பெட்டியின் அடியில் மடித்து வைத்தாள்.

பெட்டி அவர் தயார் செய்தது. நீலக் கான்வாஸ், இரட்டைச் சக்கரம், கைப்பிடிக்கு அதே பதினொரு தையல். புறப்படும் அன்று காலையில் மகள் பேரும் போன் நம்பரும் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டாள். வீட்டுக்காரம்மா அதன் பக்கத்தில் ஒரு சிவப்புத் துணியை முடிச்சுப் போட்டாள். கூட்டத்தில் சட்டென்று அடையாளம் தெரியட்டும் என்றாள். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. ஊரில் உள்ள பெட்டிகளையெல்லாம் தொட்டுப் பார்த்தே பேர் சொல்கிறவருக்குத் தன் பெட்டியை அடையாளம் காட்ட ஒரு கந்தல் வேண்டுமா? படகுத்துறையில் அவள் முகம் கழுவப் போன நேரம் பார்த்து, இடுப்புப் பையிலிருந்த கத்தியை எடுத்தார். அட்டை குப்பைத் தொட்டிக்குப் போனது. நல்ல துணி வீணாகக் கூடாதென்று சிவப்புத் துணியை மட்டும் இடுப்புப் பையில் திணித்துக்கொண்டார். கத்தி, குத்தூசி, மெழுகு நூல், ஒரு முழ ஜிப், இரண்டு ரன்னர், இவை இருக்கும் அந்தப் பையை அவர் கல்யாணத்தன்றுகூடக் கழற்றியதில்லை.

திரும்பி வந்தவள் கைப்பிடியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"பெத்த பிள்ளைக்கு நெத்தியில பேர் எழுதியா ஒட்டுவாங்க?" என்றார்.

படகு வந்துவிட்டது.

முதல் தீவில் இறங்கியபோது படகுக்காரர்கள் பெட்டிகளையெல்லாம் துறையில் குவித்திருந்தார்கள். கறுப்பு, சாம்பல், நீலம் என்று மலை மாதிரி. படித்த கூட்டம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு அட்டையாகக் குனிந்து படித்தது. அவர் அந்தக் குவியலைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஒரு நீலப் பெட்டியின் கைப்பிடியில் விரலை ஓட்டினார். பதினொன்று. முடிச்சு தோலுக்கு அடியில். அட்டையும் இல்லை. எடுத்தார், நடந்தார். மொத்தம் அரை நிமிடம். இன்னும் குனிந்துகொண்டிருந்தவர்களை ஒரு பார்வை பார்க்கவும் தவறவில்லை.

வழியில் வீட்டுக்காரம்மா ஒரு கை கொடுத்துவிட்டு, கனமாக இருக்கிறதே என்றாள். கடல் காற்று துணியில் ஏறியிருக்கும், ஈரம் கனம்தானே என்று விளக்கம் சொன்னார். பெட்டி விஷயத்தில் அவரிடம் வாதாடி ஜெயித்தவர் இதுவரை யாருமில்லை.

விடுதி அறை சின்னதாக, சுத்தமாக இருந்தது. தகரக் கூரை, இரண்டு கட்டில், ஜன்னலைத் திறந்தால் நேராகக் கடல். அவள் அந்த ஜன்னலில் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் பெட்டியைக் கட்டிலில் வைத்து ஜிப்பை இழுத்தாள். ரன்னர் வெண்ணெயில் கத்தி போனது மாதிரி ஓடியது. அவர் திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

உள்ளேயிருந்து ஐந்து வரிசைப் பற்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்தன.

எல்லாம் பிளாஸ்டிக். ஐந்தில் ஒன்று தேங்காய் அளவு. அதற்கேற்ற மாதிரி முழ நீளத்தில் ஒரு பிரஷ். இரண்டு வெள்ளைக் கோட்டு, நாலு புத்தகம், நூற்றுக்கணக்கில் குட்டி குட்டிப் பற்பசை. அவள் மெல்லக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவர் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றிலிருந்து எண்ணினார்.

"தையல் என்னோடதுதான்" என்றார்.

"தையல் உங்களோடது. பல்லு யாரோடது?"

அவருடைய ஊரிலிருந்து கிளம்பும் பெட்டிகளில் பாதி அவர் கைபட்டவை என்று அவரே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். அப்படிக் கைபட்ட இன்னொரு நீலப் பெட்டி அதே படகில் வரலாம் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை. தோற்றுப் பழக்கமில்லாதவருக்கு அதெல்லாம் தோன்றாது. துறைக்கு ஓடினார். குவியல் காலியாகியிருந்தது. கடைசியாக ஒரு நீலப் பெட்டி மிஞ்சியிருந்ததாகவும், ஒரு டாக்டரம்மா வந்து எடுத்துக்கொண்டு உடனே மூன்றாம் தீவுப் படகில் ஏறிவிட்டதாகவும் சொன்னார்கள்.

அறைக்கு வந்தபோது அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திட்டினாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை பேசிச் சமாளித்துவிடுவார். அவள் திட்டவில்லை.

"பச்சை உடுப்பு அதுலதான் இருக்கு" என்றாள், அவ்வளவுதான்.

பெட்டியில் அச்சடித்த தாள் ஒன்று இருந்தது. கண்ணாடி கொண்டு வரவில்லை என்று சொல்லி விடுதிக்காரப் பெண்ணிடம் நீட்டினார். கண்ணாடி போட்டிருந்தாலும் அவ்வளவு பொடி எழுத்தை அவர் படித்திருக்கமாட்டார் என்பது அவருக்கும் வீட்டுக்காரம்மாவுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. அந்தப் பெண் படித்துச் சொன்னாள். பல் டாக்டரம்மா ஒருவர் தீவு தீவாகப் போய்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பல் துலக்கக் கற்றுக்கொடுக்கிறாராம். தாளின் அடியில் போன் நம்பர். இரண்டு மணி நேரம் முயற்சி செய்த பிறகு கிடைத்தது.

டாக்டரம்மா தங்கமான மனுஷி. அவரும் பெட்டி மாறியதை அப்போதுதான் கண்டுபிடித்திருந்தார், அதுவும் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால். "இப்போ ஒரு பெரிய பல்லு வரப்போகுது, பாருங்க" என்று சொல்லிப் பெட்டிக்குள் கையை விட்டாராம். பச்சைக் கலரில் உடுப்பு ஒன்று கை காலோடு வந்ததாம். ஆமை வேஷமா என்று பிள்ளைகள் கேட்டார்களாம். நாளைக் காலையில் முகாம் முடிந்ததும் இரண்டாம் தீவுக்கு வருகிறேன், நீங்களும் அங்கே வந்துவிடுங்கள், மாற்றிக்கொள்ளலாம் என்றார். சுவரைப் பார்த்திருந்த முகம் இந்தப் பக்கம் திரும்பியது.

இரண்டாம் தீவு முழுக்க மணல். நடந்தால் கால் புதையும், வேகமாக நடக்க நினைத்தால் இன்னும் புதையும். மாற்றுத் துணி இல்லாததால் அவருடைய சட்டையை அவள் துவைத்துக் காயப்போட்டாள். அது காயும் வரை வேறு வழியில்லாமல் பெட்டியிலிருந்த வெள்ளைக் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு விடுதி வாசலில் உட்கார்ந்தார். கால் மணி நேரத்தில் மீன் வலை பின்னும் அம்மாள் ஒருத்தி வந்து அவர் முன்னால் வாயைப் பிளந்து நின்றாள். நான் டாக்டர் இல்லை என்று சொல்லி அனுப்புவதுதான் நியாயம். ஆனால் பழுது என்று தேடி வந்தவர்களைப் பார்க்காமல் அனுப்பி அவருக்குப் பழக்கமில்லை. குனிந்து பார்த்தார். "ஓரத்துல ஒண்ணு விட்டுப்போச்சு. அடி நல்லா இருக்கு. டாக்டரம்மா வர்றாங்க, அதுவரைக்கும் அந்தப் பக்கம் கடிக்காதீங்க" என்றார். அம்மாள் கும்பிட்டுவிட்டுப் போனாள். பின்னால் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்காரம்மா வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். முதல் நாளிலிருந்து அவர் சுமந்த கனத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது.

ஆனால் டாக்டரம்மா வரவில்லை. சாயங்காலம் சேதி மட்டும் வந்தது: வரிசையில் இன்னும் எழுபது பிள்ளைகள், மறுநாள் காலைப் படகில் கட்டாயம் வருகிறேன், அங்கேயே இருங்கள். அங்கேயே இருங்கள் என்றால் இருந்திருக்க வேண்டும். வீட்டுக்காரம்மாவும் அதைத்தான் சொன்னாள். அவருக்குக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது மட்டும் வராது. வேலை கிடைக்கும் என்று காத்திருந்திருந்தால் இன்னும் மாடிப்படிக்கு அடியில்தான் இருந்திருப்பேன் என்றார். மறுநாள் சாயங்காலப் படகுக்கு இருந்த சீட்டைக் காலைப் படகுக்கு மாற்றிக்கொண்டு மூன்றாம் தீவுக்குக் கிளம்பிவிட்டார், அவளையும் இழுத்துக்கொண்டு.

கடல் அன்றைக்குப் பாய் விரித்த மாதிரி கிடந்தது. பாதி தூரத்தில் எதிரே ஒரு படகு வந்தது. அவர் எதேச்சையாக அதைப் பார்த்தார். அதன் விளிம்பில் வெள்ளைக் கோட்டோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். காலடியில் நீலப் பெட்டி. அவர் தன் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கினார். அந்த அம்மாவும் ஒரு கணம் திகைத்துவிட்டு, தன்னிடம் இருந்ததைத் தூக்கினார். இரண்டு படகிலும் இருந்த சனம் இரண்டு பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தது. எஞ்சின் சத்தத்தில் ஒருவர் பேசியது ஒருவருக்குக் கேட்கவில்லை. நிறுத்தச் சொல்லி அவர் படகோட்டியிடம் போனார். நடுக்கடலில் பெட்டி மாற்றுவது தன் வேலையில்லை என்று படகோட்டி மரியாதையாகவே சொன்னார். அறுபது அடி தூரத்திலிருந்தே தன் தையலைப் பார்த்துவிட்டதாக அவர் பிற்பாடு சொல்லிக்கொண்டார். பார்த்து என்ன பிரயோசனம், படகுகள் விலகிப் போய்விட்டன.

மூன்றாம் தீவிலிருந்து திரும்பிப் போக ஒரு நாளைக்கு ஒரு படகுதான், அது காலையிலேயே போய்விட்டது. டாக்டரம்மாவுக்கு இரண்டாம் தீவில் இரண்டு நாள் முகாம். இவர்களுக்கு மூன்றாம் தீவில் அன்று ஒரு நாள், மறுநாள் நான்காம் தீவு, அதற்கு மறுநாள் அங்கிருந்து வீட்டுக்கு. போனில் பேசியபோது டாக்டரம்மாவின் குரலிலும் கோபமில்லை, சிரிப்புதான். தன் சொந்தப் பல்லைக் காட்டியே பாடம் நடத்திச் சமாளிப்பதாகச் சொன்னார். நான்காம் தீவு வழியாகத்தான் தானும் திரும்புவதாகவும், கடைசி நாள் பதினொரு மணிக்கு அங்கே இறங்கிவிடுவதாகவும் சொன்னார். ஆமை பார்க்க எப்போது கூட்டிப் போவார்கள் என்று அவர் விடுதியில் விசாரித்தார். ஒன்பது மணிக்கு. வெயில் ஏறினால் ஆமைகள் ஆழத்துக்குப் போய்விடுமாம்.

மூன்றாம் தீவில் கலங்கரை விளக்கம் இருந்தது. நூற்று நாற்பது படி. முழங்கால் வலிக்காரி முன்னால் ஏறினாள், அவர் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார். மேலேயிருந்து பார்த்தால் நான்காம் தீவு பச்சைப் பொத்தான் மாதிரி தெரிந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பரவாயில்லைங்க. கரையில நின்னு பார்த்தா போச்சு. கடலைப் பார்த்தாச்சில்ல" என்றாள்.

அந்தப் பரவாயில்லை அவரைச் சுட்டது. கோபத்தில் சொல்லியிருந்தால் சுட்டிருக்காது.

நான்காம் தீவில் இறங்கியதும் நேராக ஆமைத் திட்டுக்குக் கூட்டிப் போகும் பெண்ணிடம் போனார். கறுத்து ஒல்லியாக, கணீரென்று பேசும் பெண். உடுத்தின துணியோடு இறங்கினால் என்ன என்று கேட்டார். தொளதொள துணி பாறையில் மாட்டினால் ஆளையே உள்ளே இழுத்துவிடும், யார் கெஞ்சினாலும் விடமாட்டேன் என்றாள். அந்தத் தீவில் இருந்த ஒரே கடையில் நீச்சல் உடை விற்றார்கள். வீட்டுக்காரம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, கைக்குட்டை ரெண்டு இருக்கு, உடுப்பு எங்கே என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

சாயங்காலம் விடுதியின் பின்பக்கம் அவர் பெரிய குடை ஒன்றைப் பார்த்தார். மணலில் நட்டு வைக்கிற குடை, மஞ்சளும் வெள்ளையுமாகப் பட்டை போட்டது. கம்பியெல்லாம் உடைந்து குப்பையோரம் கிடந்தது. துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். நைலான், தண்ணீர் குடிக்காது, சாயம் போகாது. வெயிலில் கிடந்தும் இற்றுப்போகவில்லை. விடுதிக்கார அம்மாவிடம் கேட்டார். குப்பைக்குப் போகிறதுதானே, எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

விடிந்தும் விடியாத நேரத்தில் வீட்டுக்காரம்மா எழுந்தபோது அவர் வராந்தாவில் உட்கார்ந்து குடையைப் பிரித்து முடித்திருந்தார். வா, வந்து நில் என்றார். டேப் கிடையாது. பெட்டிக்கு அளக்கிற மாதிரியே சாண் போட்டு அளந்தார்.

"நீளம் ஆறு சாண். அகலம் ரெண்டேகால். உயரம்..."

"மூடி எங்க வைக்கப் போறீங்க?"

"அசையாம நில்லு."

"சக்கரமும் வச்சிடுங்க. முழங்காலுக்கு நல்லது."

முப்பத்தெட்டு வருடமாகப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்தவளின் தோள் எவ்வளவு அகலம் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. எந்தப் பெட்டியையும் கண்ணாலேயே அளப்பவர் அதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கப்பட்டார். சொல்லவில்லை. வெட்டினார்.

குடைத்துணி விரியாது, அதுதான் சிக்கல். கையை வீசி நீந்த வேண்டுமென்றால் துணி விட்டுக்கொடுக்க வேண்டும். உடுப்புத் தைக்கிறவர்கள் என்ன செய்வார்களோ, அவருக்குத் தெரியாது. பெட்டியில் துணிமணி அதிகமானால் சுற்றி வரும் ஜிப்பைத் திறந்தால் பக்கம் பெருக்கும் அல்லவா, அந்த மடிப்பைத்தான் அவர் இரண்டு அக்குளுக்குக் கீழேயும் வைத்தார். யாரிடமும் படித்ததில்லை, அங்கேயே உட்கார்ந்து யோசித்தது. முதுகுக்கு அந்த ஒரு முழ ஜிப். ரன்னரைப் போடுவதற்கு முன் மெழுகில் ஒரு தடவை உருட்டினார். தோள்பட்டைக்குக் கைப்பிடித் தையல், பக்கத்துக்குப் பதினொன்று. அவள் எதிரில் உட்கார்ந்து ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசி நூலை அவள் பல்லால் கடித்தாள்.

போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். இடுப்பில் கொஞ்சம் புடைத்தது, கழுத்து ஒரு பக்கம் ஏறி நின்றது. கையை முன்னால் வீசிப் பார்த்தாள், பின்னால் வீசிப் பார்த்தாள். அக்குள் மடிப்பு விரிந்து சுருங்கியது.

"பஸ் ஸ்டாண்டு வாசல்ல நிழலுக்குக் கட்டியிருக்கிற மாதிரி இருக்கு" என்றாள். ஆனால் துறையை நோக்கி அவருக்கு முன்னால் நடந்தாள், முழங்கால் வலி என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை.

ஆமைக்காரப் பெண் அந்த உடுப்பை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தாள். தோளில் இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிரியவில்லை. "யாரு தைச்சது? இதைப் பிடிச்சே ஆளைத் தூக்கலாம்" என்றாள். தூக்குவதற்குத்தானே கைப்பிடி என்று அவர் பதில் சொன்னார்.

மொத்தம் ஒன்பது பேர். தண்ணீர் இடுப்பளவுக்கு வந்ததும் அந்தப் பெண் எல்லோருக்கும் தலைக்குப் போடக் கறுப்புத் தொப்பி கொடுத்தாள். கரையில் நின்றவர் அதைப் பார்த்தார். உடம்பு தண்ணீருக்குள் போனதும் மஞ்சள் இல்லை, வெள்ளை இல்லை. ஒன்பது கறுப்புத் தலைகள் மட்டும் மேலே இருந்தன. எது யாருடையது என்று தெரியவில்லை. அந்த நீலப் பரப்பில் அவர் ஒரு தடவை எண்ணினார், மறுபடி எண்ணினார்.

"ஏம்மா, இங்க வா" என்று கூப்பிட்டார்.

ஒரு தலை திரும்பியது. என்னவோ ஏதோ என்று அவள் மறுபடி கரைப்பக்கம் வந்தாள். அவர் செருப்பைக் கழற்றாமல், வேட்டி நனைவதைப் பார்க்காமல், முழங்கால் வரை தண்ணீரில் இறங்கிவிட்டார். வாழ்நாளில் முதல் தடவை. இடுப்புப் பையைத் துழாவி அந்தச் சிவப்புத் துணியை எடுத்தார்.

"இதைத் தலையில கட்டிக்கோ."

அவள் துணியைப் பார்த்தாள். "எதுக்குங்க? உங்க கையால தைச்சதைத்தானே போட்டிருக்கேன். தடவிப் பார்த்தே பேர் சொல்லிடுவீங்களே."

"தண்ணிக்குள்ள இருக்கிற தையல் எனக்குத் தெரியாது. கட்டிக்கோ."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையைத் தாழ்த்திக் கொடுத்தாள். அவரே தொப்பியைச் சுற்றிக் கட்டினார். முடிச்சின் நுனியை உள்ளே செருகினார். ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு விட்டார்.

போனாள். சிவப்புத் துணி அலை மேல் ஏறியது, இறங்கியது, மற்ற எட்டுக் கறுப்புத் தலைகளையும் தாண்டி முன்னால் போனது. நகராட்சிக் குளத்தில் இருபது தடவை போய் வந்தவள் என்று கரையில் நின்ற யாருக்கும் அவர் சொல்லாமல் விடவில்லை. பாறைத் திட்டுக்குப் பக்கத்தில் தண்ணீருக்கடியில் கரும்பச்சையாக ஒன்று எழும்பியது. வட்டமாக, பெரிய தட்டு மாதிரி. சிவப்புத் துணி அதன் பக்கத்தில் போய் நின்றது. இரண்டும் சேர்ந்து மெல்ல நகர்ந்தன. அவள் ஒரு கையை மட்டும் மேலே தூக்கிக் காட்டினாள்.

பதினொரு மணிக்கு வருகிற படகு அன்றைக்குப் பார்த்து ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டது. டாக்டரம்மா நீலப் பெட்டியை மணலில் இழுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். தாமதமாகிவிட்டதா, அம்மா இறங்கிவிட்டார்களா என்று கேட்டார். கைப்பிடி போன வருடம் உங்கள் கடையில்தான் தைத்தது, இன்னும் கல்லு மாதிரி இருக்கிறது என்றார். வேறு சமயமாக இருந்தால் அந்த ஒரு வார்த்தைக்காக அவர் அரை மணி நேரம் பேசியிருப்பார். இப்போது தலையை மட்டும் ஆட்டினார்.

"உங்க பெட்டிதானான்னு ஒரு தடவை பார்த்துக்கோங்க, பெரியவரே. மறுபடி மாறிடப் போகுது."

அவர் திரும்பவில்லை. நெற்றிக்கு மேல் கையைக் குடை பிடித்துக்கொண்டு கடலையே பார்த்திருந்தார்.

"அப்படி வைங்க டாக்டரம்மா. சிவப்புத் துணி பாறையைத் தாண்டிப் போகுது, பாருங்க. பெட்டியைப் பார்க்க இப்போ எனக்கு நேரமில்லை."